உவர் போன வயல்

கணவன் இறந்த பிறகு அஸ்ஸோமெல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தாள். காசமான்ஸ் ஆற்றின் உப்பங்கழிகளுக்கு நடுவே இருந்த ஊர் அது. எக்குத்திலே என்ற அவள் அண்ணன் அவளுக்கு ஒரு வயலைக் காட்டினான். கரை உடைந்து கடல் புகுந்ததிலிருந்து அங்கே யாரும் மண்வெட்டி வைத்ததில்லை. வெயில் காலத்தில் நிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கும். எடுத்துக்கொள், இனி அது உன்னுடையது என்றான். அதுவே பெரிய மனசு என்று அவள் நினைத்தாள்.

முதலில் அவள் கரையை அடைத்தாள். பிறகு கழியோரத்தில் படர்ந்து கிடந்த உப்புக்கீரையைக் கிள்ளி வந்து வயல் முழுக்க நட்டாள். அந்தக் கீரை உப்பைக் கண்டு ஒதுங்காது. வேரால் உறிஞ்சி, தடித்த இலைக்குள்ளே நீரோடு பூட்டி வைத்துக்கொள்ளும். கடித்தால் வாயெல்லாம் கரிக்கும். ஆனால் அதை அப்படியே விட்டால் இலை உதிர்ந்து உப்பு மறுபடி மண்ணுக்கே போய்விடும். அறுத்து, கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஈரக்கீரை கல் மாதிரி கனக்கும்.

சுமக்க வந்தவள் அண்ணன் மனைவி அகின்ட்டு. கல்யாணத்துக்கு முன்பே இருவரும் சிநேகிதிகள். "ஊரெல்லாம் நெல் அறுக்குது, நாம உப்பு அறுக்கிறோம். உன்கூடச் சேர்ந்து என் புத்தியும் போச்சுடி" என்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த கூடையையும் தலையில் ஏற்றுவாள். அவள் இல்லாவிட்டால் அஸ்ஸோமெல் முதல் வருஷமே விட்டுவிட்டுப் போயிருப்பாள்.

சில மழைக்காலங்கள் போயின. பாத்தி உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, உவரைக் கழுவி வடித்த பிறகு அவள் ஒரு சிவப்பு நெல்லை நட்டாள். உவர் ஏறினால் அந்த நெல் தன் அடி இலைகளில் அதை வாங்கிக்கொள்ளும். அந்த இலைகள் கருகி விழும், கதிர் மட்டும் தப்பித்துக்கொள்ளும். அந்த வருஷம் கதிர் தலை சாய்ந்து நின்றது. அறுவடையன்று அகின்ட்டு ஒரு கதிரைப் பறித்து அஸ்ஸோமெலின் கொண்டையில் செருகிவிட்டாள்.

நெல் பரணுக்குப் போன பிறகு எக்குத்திலே அவளைக் கூப்பிட்டு அனுப்பினான். வீட்டில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், வரும் மழைக்கு அந்த வயலில் அகின்ட்டு நடுவாள் என்றான். எனக்குக் கொடுத்த வயலாயிற்றே என்று அவள் கேட்டாள்.

"நான் குடுத்தது உவர் நிலம், தங்கச்சி. இப்போ அது உவர் நிலம் இல்லையே."

அவள் அண்ணனோடு வாதாடவில்லை. ஆண்கள் நிலம் கொடுப்பதும் பிடுங்குவதும் அவள் அறியாததல்ல. கொல்லைப்புறம் போனாள். அகின்ட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ கேட்டியா, அவராக் குடுத்தாரா?"

"நான்தான் கேட்டேன்."

"எப்போ?"

அகின்ட்டு மீனைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். "போன மழைக்கு முன்னாடி."

அப்படியென்றால் நாற்று நடும் முன்பே கேட்டிருந்தாள். ஒரே வரிசையில் குனிந்து நின்று சிரித்தபோதும், கொண்டையில் கதிரைச் செருகியபோதும், அது தன் வயல் என்று அகின்ட்டுவுக்குத் தெரிந்திருந்தது.

"புள்ளைங்களுக்காகத்தான்டி" என்றாள் அகின்ட்டு.

"என்கிட்ட கேட்டிருந்தா பாதியக் குடுத்திருப்பேனே, அண்ணி."

அதற்கு முன் அவளை ஒருநாளும் அண்ணி என்று கூப்பிட்டதில்லை. அகின்ட்டுவின் கை நின்றது.

விதைநெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அஸ்ஸோமெல் ஊர்ப் பெரியவர்களிடம் போனாள். யாருக்கும் வேண்டாத இன்னொரு உவர்த்திட்டைக் கேட்டாள். உவர் போனாலும் அது தன்னுடையதுதான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்துத்தான் வாங்கினாள். மறுபடி கீரையிலிருந்து தொடங்கினாள். இந்த முறை தனியாகச் சுமந்தாள். ஒருநாள் அகின்ட்டு வெறுங்கையோடு கரைமேல் வந்து நின்றாள். அஸ்ஸோமெல் திரும்பிப் பார்க்காமல் அறுத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அகின்ட்டு போய்விட்டாள்.

அடுத்த அறுவடைக்கு அண்ணன் வீட்டிலிருந்து அந்த வயலின் புது அரிசிச் சோறு ஒரு பாத்திரம் வந்தது, செம்பனை எண்ணெயும் மீனுமாக. நாய்க்குப் போட்டுவிடலாம் என்றுதான் அஸ்ஸோமெல் நினைத்தாள். பகலெல்லாம் சுமந்த பசி. உட்கார்ந்து முழுவதையும் தின்றாள். சோறு நன்றாக இருந்தது. அதற்குத்தான் அழுதாள்.