லமார் ஸ்டோடார்ட்டின் சுத்தமான பித்தளை

லமார் ஸ்டோடார்ட் எங்கள் ரிவால்வர் கிளப்புக்குத் தலைவரான வருஷம், ஐடஹோ முழுக்கக் கடைகளில் தோட்டா கிடைக்கவில்லை. எங்களுக்கு அது பெரிய கவலையாக இல்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, சுத்தம் செய்து, அளவுக்கு நெருக்கி, அடியில் பொறி தட்டும் புதுக் கேப்பும், உள்ளே வெடிமருந்தும், மேலே ஈயக் குண்டும் வைத்து மறுபடி சுடுவது எங்கள் வழக்கம்தான். கிளப் கொட்டகையில் வாளி வாளியாகக் கூடுகள் கிடந்தன. எந்த வாளியை எடுத்தாலும் பல கம்பெனிக் கூடுகள் கலந்துதான் இருக்கும்.

அந்தக் கலப்புதான் லமாருக்கு ஆகவில்லை. ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத் துணைத் தலைமையாசிரியர் அவர். கூட்டம் கூட்டி, கலப்புப் பித்தளையால்தான் நம் குறி கெட்டது, நாடே கெட்டது என்கிற மாதிரி பேசினார். பக்கத்து ஊர் கிளப்போடு நடக்கும் போட்டியில் அடியில் ஒரே கம்பெனி முத்திரை உள்ள கூடுகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார். எதிர்த்துக் கை தூக்கியது ட்வைலா பிங்கம் மட்டும்தான். பள்ளி பஸ் ஓட்டுகிறவள். ஒரு காலத்தில் அவரிடமே தண்டனை வாங்கி வகுப்புக்கு வெளியே நின்றவள்.

"சார், எல்லாக் கூட்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டிட்டா, குண்டைப் பிடிக்கிற வாய் மடிப்பு ஒரே மாதிரி விழும். விரிசல் இருந்தாத் தூக்கிப் போட்டுடலாம். அது போதாதா? அடியில யார் பேர் இருந்தா என்ன?"

"உன் ஒழுக்கம் அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ட்வைலா."

"நீங்களும் மாறவே இல்ல சார்."

அந்தக் குளிர்காலம் முழுக்க சனிக்கிழமைகளில் சர்ச் கூடத்தில் கூடினோம். பூதக்கண்ணாடி வைத்து முத்திரை பார்த்துப் பிரித்தோம். முதலில் கம்பெனி வாரியாக, பிறகு எடை வாரியாக. மினுக்குவதில் கட்சி பிரிந்தது. சோளச்சக்கைத் தூளில் உருட்டும் கோஷ்டி, தண்ணீரில் இரும்பு ஊசி போட்டுக் குலுக்கும் கோஷ்டியோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் சோளச்சக்கைக் கோஷ்டியில்தான் இருந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தனை மாதத்தில் ஒருவரும் ஒரு குண்டு சுடவில்லை. சுட்டால் கூடு அழுக்காகிவிடும். ட்வைலா மட்டும் தன் கராஜில் கலப்புக் கூடுகளை நிரப்பி, ஆற்றங்கரை மேட்டில் சுட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டியன்று லமார் புதுத் தொப்பியோடு வந்தார். தானே நிரப்பிய தோட்டா டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். தோட்டாக்கள் நகைக்கடைச் சரக்கு போல ஜொலித்தன.

"நேத்து ஒவ்வொண்ணையும் தராசுல வெச்சேன். மயிரிழை வித்தியாசம் கிடையாது!"

பக்கத்து ஊர்க்காரர்கள் கூட வாய் பிளந்தார்கள். லமார் சுடும் கோட்டில் நின்று, குறி பார்த்து, விசையை இழுத்தார்.

'டொப்' என்றது. சோடா மூடி திறந்தது போல ஒரு சத்தம். குறி அட்டையில் ஓட்டை இல்லை. லமார் முகம் சுளித்துவிட்டு மறுபடி விசையில் விரல் வைத்தார்.

"கைய எடுங்க சார்!" ட்வைலா கத்திய கத்தலில் கோட்டில் நின்ற எல்லோரும் உறைந்துவிட்டார்கள். "குண்டு குழலுக்குள்ள நிக்குது! இன்னொண்ணு சுட்டா துப்பாக்கி உங்க மூஞ்சியில வெடிக்கும்!"

அவர் விரலை எடுத்தார். அவள் துப்பாக்கியை வாங்கித் தரையைப் பார்க்கப் பிடித்து, தோட்டாக்களை வெளியே கொட்டினாள். பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டு மரச் சுத்தியால் தட்ட, ஈயக் குண்டு மேஜையில் விழுந்து உருண்டது. பிறகு இன்னொரு தோட்டாவைக் கழற்றிக் கவிழ்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மற்றொன்று. அதிலும் இல்லை.

"கேப் மட்டும் வெடிச்சுக் குண்டைத் தள்ளியிருக்கு. மருந்து எங்க சார்?"

லமார் காலிக் கூட்டை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரே எடையா இருந்துச்சே..." என்றார் கடைசியில்.

"இருக்காதா பின்ன? ஒண்ணுலகூட மருந்து இல்லியே."

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, முதுகில் தட்ட வேண்டியிருந்தது. ட்வைலா சிரிக்கவில்லை. தன் தோட்டா டப்பாவை அவர் முன்னால் தள்ளினாள். மஞ்சள் பித்தளையும் வெள்ளை முலாம் பூசியதுமாக, ஊரில் உள்ள எல்லாக் கம்பெனிப் பேரும் அதில் இருந்தது. கிளப் தீர்மானம் அப்போது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. லமார் அவற்றையே சுட்டார். எப்போதும் போல நடுத்தரமாகச் சுட்டார். அவரையும் ட்வைலாவையும் தவிர நாங்கள் எல்லோரும் மோசமாகச் சுட்டோம். ஒரு குளிர்காலம் முழுக்கச் சுடாத கை வேறெப்படிச் சுடும்? தோற்றோம்.

சாப்பாட்டு நேரத்தில் சாவு வீட்டுக்குச் செய்து செய்தே 'சாவு வீட்டு உருளைக்கிழங்கு' என்று பேர் வாங்கிய எங்கள் ஊர் சீஸ் பதார்த்தத்தைப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது லமார் எழுந்து தொண்டையைச் செருமினார். இன்றைய சம்பவம் ஒரு பெரிய குறையைக் காட்டிவிட்டது, உடனே மருந்துக் கமிட்டி ஒன்று அமைக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தூக்கினோம். எங்களுக்குக் கை தூக்கிப் பழகிவிட்டது. தலைவியாக ட்வைலாவைப் போட்டார்கள். அவள் அப்போது இரண்டாம் முறை உருளைக்கிழங்கு வாங்கப் போயிருந்தாள்.

திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும், தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "சரி, கமிட்டியோட முதல் உத்தரவு. அந்த டப்பா முழுசையும் நீங்களே கழட்டணும் சார். பேசாம."

லமார் மூலை மேஜையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தோட்டாவாகத் தட்டித் தட்டிக் கழற்றினார். குண்டு மட்டும் விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் காலிக் கூடுகளை டப்பாவில் திரும்ப வைக்கும்போது கவனித்தேன். முத்திரை எழுத்துகள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும்படி ஒவ்வொன்றையும் விரலால் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.