என் பெயரில் ஒரு கார்

எங்கள் நாஞ்சில்நாட்டுப் பழைய வழக்கப்படி, ஒருவருடைய சொத்து அவர் சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்குத்தான் போகும். சட்டம் மாறியும் என் கணவருக்கு அந்தப் பயம் போகவில்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் நடத்திய மண்டி லாபத்தில் வாங்கிய காரை என் பெயரில் எழுதி வைத்தார்.

ஆனால் ஏறிச் சுற்றியதெல்லாம் அதே மருமக்கள்தான். நான் கேட்டால், "அடுத்த வெள்ளிக்கிழமை உன்னைச் சுசீந்திரம் கூட்டிட்டுப் போறேன்" என்பார். எத்தனையோ வெள்ளிக்கிழமை போயிற்று.

யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் காரை விற்க முடிவு செய்தார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து டாக்டர் வாங்கிக்கொள்ள வந்தார். பெயர் மாற்ற வேண்டுமானால் உடைமைக்காரி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள் மோட்டார் ஆபீஸில்.

அன்றைக்குத்தான் என் கணவர் எனக்காகக் கார்க் கதவைத் திறந்தார். "நல்லாச் சாஞ்சு இரி, கோலம்மே" என்று உபசாரம் வேறு.

நான் கையெழுத்துப் போட்டதும் டாக்டர் மரியாதையாகக் கேட்டார்: "வண்டி உங்களுதுல்லாம்மா, ஓட்டத்திலே கோளாறு ஏதாவது உண்டா?"

"எனக்கென்ன தெரியும்? இன்னைக்கு இதுல ஏறி வந்ததுதான் முதல் தடவை."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சங்கடப்பட்டு, வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றார். எனக்கு ரோஷம் விடவில்லை.

"வேண்டாம். எனக்கு நடந்தே பழக்கம்."

கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் தோன்றியது: ஏறியிருக்கலாம்.