உப்புக்குக் கீழே ஒரு மேடு

பெண் கேட்டு வந்தவன் கதிரையில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் வீரய்யா விசாரணையைத் தொடங்கிவிட்டார். குண்டசாலையில் ஹாட்வெயார் கடை வைத்து, எண்பத்திமூன்று கலவரத்தில் அது எரிந்து, மறுபடியும் வைத்த மனுசன். தேனொழுகப் பேசுகிற எவனையும் நம்பமாட்டார். ஒரே மகள் பரிமளமோ, பேராதனையில் கூடப் படித்த இந்த விமலநாதனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். அப்பா வேண்டாமென்றால் இவனைக் கட்டமாட்டாளாம். ஆனால் வேறு எவனையும் கட்டமாட்டாளாம்.

"யாழ்ப்பாணத்து ஆளு, இப்போ சண்டை நேரம். அது கெடக்கட்டும். லண்டன்ல என்னங்க தம்பி வேலை?"

"கடலுக்குக் கீழ எண்ணெய் தேடுறது, ஐயா."

"முங்கியா?"

பரிமளம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள்.

"இல்லை ஐயா. கப்பல்ல இருந்து பெரிய சத்தம் போடுவம். அது கீழ போய்ப் பாறையில பட்டுத் திரும்பும். வாற நேரத்தை வச்சு, எவ்வளவு ஆழத்தில என்ன கிடக்குதெண்டு படம் கீறுவம்."

பையிலிருந்து ஒரு படத்தை விரித்தான். பிரேசில் கடலாம். கோடு கோடாய்க் கிடந்த மண்ணுக்கு நடுவில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டி, அதற்குக் கீழே ஒரு மேடு.

"இது உப்பு. மைல் கணக்கில தடிப்பு. எண்ணெய் இதுக்கும் கீழ."

"கடைக்காரன்கிட்டயே கதை விடுறீங்களா? உப்புக்குள்ள சத்தம் போகுமா?"

"வேகமாப் போகும். அதுதான் கரைச்சல், ஆளை ஏமாத்திப்போடும். செக்பொயிண்ட் இல்லாத நாளில கலஹா பஸ் வெள்ளெனவே வந்து நிக்குது. அதுக்காகக் கலஹா ஊரே கிட்ட வந்திட்டுதெண்டு சொல்லுவீங்களோ?"

வீரய்யா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"அப்போ உப்பைத் தாண்டி வர்ற சத்தம் முந்திக்கும். ஆழத்துல கெடக்கிறது மேடாட்டம் தெரியும்."

"ஓம் ஐயா! நானும் அப்பிடித்தான் ஏமாந்தன். இந்த மேட்டில எண்ணெய் நிக்கும், தோண்டுங்கோ எண்டு சொன்னதே நான்தான்."

பரிமளம் கதவோரத்திலிருந்து அவனுக்குக் கண்ணைக் காட்டினாள். இந்த மனுசன் முன்னால், இன்றைக்குப் பார்த்தா இதைச் சொல்வான்?

விமலநாதன் இரண்டாவது படத்தை விரித்தான். உப்பின் உருவத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, நேரத்தைத் திருத்திக் கீறியதாம். அதில் அந்த மேட்டைக் காணோம், வெறும் சமதரை. இடப்பக்கம், உப்பு குடை மாதிரிக் கவிந்திருந்த இடத்துக்குக் கீழே, முதல் படத்தில் இல்லாத வேறொரு மேடு.

"கம்பனியில என்ன சொன்னீங்க?"

"பிழை விட்டிட்டன், அங்க தோண்டாதேங்கோ எண்டன்."

"தொரை திட்டலையா?"

"நல்லா வாங்கினன். பிறகு இடத்தை மாத்திப்போட்டினம்."

"இந்த இடத்துல எண்ணெய் இருக்கா?"

"தெரியாது ஐயா. மேடு இருக்கு. எண்ணெயோ தண்ணியோ, தோண்டினால்தான் தெரியும்."

வீரய்யா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எண்பத்திமூன்றில், ஒன்றும் நடக்காது, பயப்படாதீங்க என்று சொன்ன எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்! காலடியில் இருந்ததைக்கூட அவர்கள் கண்டதில்லை. இவனோ கடலையும் மண்ணையும் உப்பையும் தாண்டிப் பார்த்துவிட்டு, தெரியாது என்கிறான்.

"எமகாதகப் பசங்க," என்றார், விரலால் அந்தக் குடையைத் தடவி. "இதுக்கு அடியிலயும் எட்டிப் பாத்துட்டானுங்களே!" பிறகு நிமிர்ந்தார். "அங்கயும் ஒண்ணும் வராட்டி?"

"வேலை போகவும் கூடும்."

"போனா போகட்டும். எண்ணெய்க்கா பொண்ணு குடுக்கிறேன்? ஒங்க வீட்டுப் பெரியவங்கள வரச் சொல்லுங்க."

பரிமளம் ஏதோ சொல்ல வந்தாள். அவர் அதற்குள் படத்தின்மேல் மறுபடியும் குனிந்துவிட்டார்.

"அது சரி தம்பி, இந்த ஓரத்துல வளைஞ்சு போகுதே, இது என்னங்க?"