ஆறு மணிக்குப் பூச்சியம்

பிரவீனா அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பின்னேரம் பிடித்த மழை, காலை ஒன்பது மணியாகியும் விட்டபாடில்லை. உக்குவளை டவுனில் அவளும் பஸ்லாவும் சேர்ந்து நடத்துகிற கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. பஸ்லா மட்டும் முழங்கால் வரை நனைந்து வந்து, கதிரையில் உட்கார்ந்து அபாயா நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஏலமலைத் தோட்டத்திலிருந்து அம்மாவின் போன் வந்தது.

"புள்ள, லயத்துக்குப் பின்னால மண்மேட்டுலருந்து தண்ணி கசியுது. கலங்கலா, சேறாட்டம் வருது. குசினிக் கதவு வேற மூட மாட்டேங்குது. நெல கோணிக்கிட்ட மாதிரி இருக்கு."

பிரவீனாவுக்குப் பகீரென்றது. "அம்மா, ஒடனே வெளிய போங்க!"

"நான் மட்டும் எங்கடி போறது? சங்கு ஊதலையே!" என்றாள் அம்மா சந்திரகாந்தா.

அந்தச் சங்கை அங்கே வைத்ததே பிரவீனாவும் பஸ்லாவும்தான். போன வருச மண்சரிவைப் பார்த்துப் பயந்துபோய், தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற புள்ளக்காம்பராக் கூரையில் ஒரு மழைமானியையும் ஒலிபெருக்கிச் சங்கையும் பூட்டி, இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் ஓடுகிற புரோகிராம் பிரவீனா எழுதினது. மழை நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் சங்கு ஊதும். ஊதினால் கீழ் லயத்து வரிசை வீடுகளிலுள்ள இருபத்தாறு குடும்பமும் போட்டது போட்டபடி மேலே ஸ்கூலுக்கு ஓடவேண்டும். பகலில் அரை மணிக்கு ஒருதரம் எல்லாருடைய போனுக்கும் 'இன்றைய மழை' எவ்வளவு என்று மெசேஜும் போகும். கடைசியாக வந்தது நாற்பத்தொன்று.

தண்ணீர் சேறாக வருகிறது, கதவு கோணுகிறது, ஆனால் மெஷின் நாற்பத்தொன்று என்கிறது. எங்கேயோ இடிக்கிறதே!

அவள் உடனே விஜேந்திரனுக்கு அடித்தாள். கணக்கப்பிள்ளை அவர். லயத்தில் அவர் சொன்னால்தான் ஆள் அசையும்.

"தங்கச்சி, நானும் மேட்டப் பாத்தேன். மழைன்னா கசியத்தான் செய்யும். மெஷினு நாப்பத்தியொன்னுன்னு சொல்லுதே, நூறுக்கு இன்னும் எம்புட்டுக் கெடக்கு?"

"அண்ணே, மெஷின்ல ஏதோ பிழ இருக்குன்னு நெனைக்கிறேன்."

"இதத்தானே போன மாசமும் சொன்னீங்க?" விஜேந்திரன் குரலில் சூடு ஏறிவிட்டது. போன மாசம் வயர் ஒன்று கழன்று, வெறும் தூறலுக்குச் சங்கு அலறிவிட்டது. பச்சைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் விழுந்தடித்து ஓடியதில், பெரியவர் ஒருவர் படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டு இன்னும் படுக்கையில் கிடக்கிறார். "இன்னொரு தரம் சும்மா ஓட வச்சீங்கன்னா, அதுக்குப் பொறகு சாமியே வந்து ஊதினாலும் இந்த லயத்துல ஒருத்தன் எந்திரிக்க மாட்டான். சரியான நம்பரச் சொல்லுங்க, நானே வெரட்டிக்கிட்டுப் போறேன். சும்மா நெனைக்கிறேன் கினைக்கிறேன்னு சொல்லாதீங்க."

அந்த மனிதர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிரவீனாவுக்கு எரிச்சலாக இருந்தது. பொய்யாக ஊதினால் இனி ஒருவரும் ஓடமாட்டார்கள், ஊதாமல் விட்டால் இன்றைக்கே மண் வரலாம்.

"ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாப்பமே, புள்ள. இங்கேருந்தே செய்யேலும்தானே?" என்றாள் பஸ்லா.

"ஐயோ, அதத் தொட்டுறாத!" பிரவீனா கத்தியே விட்டாள். மெமரி கார்டு இரண்டு தரம் பழுதாகிப்போன கோபத்தில், எதையும் கார்டில் எழுதாதபடிதான் அந்தப் புரோகிராமைச் செய்திருந்தாள். ராத்திரி முழுக்கப் பெய்த மழையின் கணக்கு, ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமின் வயிற்றுக்குள்ளே மட்டும்தான் இருக்கிறது. நிறுத்தினால் அத்தனையும் போச்சு. "டிபக்கரப் போட்டுத்தான் பாக்கணும்."

டிபக்கர் என்றால் பெரிய அலங்காரம் ஒன்றும் கிடையாது. படம் இல்லை, அமத்துகிற பொத்தானும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதிக் கேட்கவேண்டும், அது ஒரு வரியில் பதில் சொல்லும். ஓடுகிற புரோகிராமைக் கழுத்தில் பிடித்து நிறுத்திவைத்துக்கொண்டு, உனக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரிக்கலாம். ஒரேயொரு சங்கடம். பிடித்து வைத்திருக்கிற நேரமெல்லாம் புரோகிராம் அசையாது. மழையை எண்ணாது. சங்கும் ஊதாது.

பிரவீனா உக்குவளையிலிருந்தே அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாள். மலையில் சிக்னல் இழுபறி. ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று செக்கனுக்குப் பிறகுதான் திரையில் வந்து விழுகிறது, சனியன். புரோகிராமின் இலக்கத்தைத் தேடி எடுத்து, டிபக்கரை அதன்மேல் கொளுவினாள்.

நின்றுவிட்டது.

"எத்தின நிமிசம் பிடிச்சு வைக்கப் போற?" பஸ்லா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அஞ்சு. அதுக்கு மேல போனா நீயே என்னயப் புடிச்சு இழு."

முதலில் அவளுக்கு மழைமானி மேல்தான் சந்தேகம். அதற்குள்ளே ஒரு குட்டிக் கரண்டி இருக்கிறது. பூச்சியம் தசம் இரண்டு மில்லிமீட்டர் மழை சேர்ந்தால் கவிழ்ந்து ஒரு தட்டுத் தட்டும். இலையோ குப்பையோ அடைத்து, தட்டாமல் நின்றிருக்கும் என்று நினைத்தாள். 'பிரிண்ட்' என்று எழுதி மொத்தத் தட்டைக் கேட்டாள். இருநூற்றைந்து என்றது. அப்படியென்றால் சரியாக நாற்பத்தொரு மில்லிமீட்டர். கடைசித் தட்டு எப்போது என்று கேட்டாள். புரோகிராமை நிறுத்தினதற்கு நான்கு செக்கன் முந்தி. அடைப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கரண்டி ஒழுங்காகத் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"ரெண்டு நிமிசம்," என்றாள் பஸ்லா. பிறகு என்ன நினைத்தாளோ, "என்ட லிஸ்ட் ஒண்டு உள்ளுக்கு ஈக்கிதானே? கிராப் கீறுறதுக்கெண்டு வெச்சது? அதையும் ஒருக்காக் கேட்டுப் பாரேன்," என்றாள்.

பஸ்லாவுக்கு மணிக்கு மணி மழையைப் படமாகக் கீறிக்காட்ட ஆசை. அதற்காகக் கடைசி இருபத்துநான்கு மணித்தியாலத்துத் தட்டுகளைத் தனியாகச் சேர்த்துவைக்கிற ஒரு பட்டியலை அவளே எழுதிச் செருகியிருந்தாள். படம் இன்னும் கீறினபாடில்லை. சங்குக்கும் அந்தப் பட்டியலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிரவீனா அதைக் கேட்டாள். சிக்னல் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பூச்சியங்கள் வரிசையாக விழுந்தன, பிறகு பன்னிரண்டு, முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு என்று நீண்டுகொண்டே போயின. அவள் வாசிக்க வாசிக்க, பஸ்லா போனில் கூட்டிக்கொண்டே போனாள். முடித்ததும் பஸ்லா போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அறுநூற்றெழுபது தட்டு. நூற்று முப்பத்துநான்கு மில்லிமீட்டர்.

"யா அல்லாஹ்! அப்ப மத்தது எங்க போச்சு?"

ஒரே மெஷினுக்குள் ஒரு கணக்கு இருநூற்றைந்து என்கிறது, மற்றது அறுநூற்றெழுபது என்கிறது. மொத்தத்தைக் கடைசியாகப் பூச்சியமாக்கினது யார், எப்போது? அதையும் பிரவீனா டிபக்கரிடம் கேட்டாள். பதில் ஒரே வரியில் வந்தது. இன்று காலை ஆறு மணி. ஆக்கின பகுதியின் பெயர், பெரட்டு.

அந்தப் பெயரை வைத்ததே அவள்தான்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு நாள் என்பது பெரட்டில்தானே தொடங்கும்? காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் ஆளைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து அனுப்புகிற அந்த நேரத்தில்தான், மழைக் குப்பியையும் அளந்து, கொப்பியில் எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். அதோடு நேற்று மழை நேற்றைக்குப் போனது. குப்பி வெறுமையாகி இன்றைய மழை தொடங்கும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். பிரவீனாவும் அதையே யோசிக்காமல், ஒரு சொட்டுச் சந்தேகம்கூட இல்லாமல், புரோகிராமில் எழுதிவைத்திருந்தாள். பெரட்டு நேரம் வந்தால் மொத்தம் பூச்சியம். நாலு மாசமாக அவளும் பார்த்தாள், பஸ்லாவும் பார்த்தாள், ஒருத்திக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

காலை ஆறு மணிக்குத் தொண்ணூற்றுமூன்று இருந்திருக்கிறது. நூறுக்கு ஏழு மில்லிமீட்டர்தான் குறைச்சல். இன்னும் அரை மணித்தியாலம் விட்டிருந்தால் சங்கு அலறியிருக்கும். அதற்குள் பெரட்டு வந்து எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டது. மண்ணுக்குப் பெரட்டு ஏது? அது குடித்த தண்ணீரெல்லாம் அதன் வயிற்றிலேதானே இருக்கிறது!

"பாவி," என்று பிரவீனா தன்னையே திட்டிக்கொண்டாள். "பாவி, பாவி."

"பொறகு அழலாம் புள்ள! நாலு நிமிசமாகுது!"

டிபக்கர் விசாரிக்கிறதோடு நிற்காது, உள்ளே இருக்கிறதை மாற்றியும் வைக்கும். மொத்தம் இனி அறுநூற்றெழுபது என்று எழுதினாள். அவசரத்தில் ஒரு பூச்சியம் அதிகமாக விழுந்தது. அழித்து, திரும்ப எழுதி, தட்டினாள். ஏற்றுக்கொண்டது. இனிப் பிடியை விட்டால் போதும். புரோகிராம் தன் கணக்கைத் தானே பார்த்து, நூறு தாண்டிவிட்டது என்று கண்டு, சங்கை ஊதும். 'தொடரு' என்கிற கட்டளையை எழுதித் தட்டினாள்.

திரை அப்படியே உறைந்து நின்றது.

சிக்னல் செத்துவிட்டது. கட்டளை போய்ச் சேர்ந்ததா, வழியில் விழுந்ததா, ஒன்றும் தெரியவில்லை. போய்ச் சேராவிட்டால் புரோகிராம் இன்னும் டிபக்கரின் கையில்தான் கிடக்கிறது. இருந்த கொஞ்சநஞ்சக் காவலையும் தானே கட்டிப்போட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும். விஜேந்திரனுக்கு அடித்தாள், லைன் போகவில்லை. அம்மாவுக்கு அடித்தாள், போகவில்லை. பஸ்லா கண்ணை மூடி உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். பிரவீனா மாரியம்மனைக் கூப்பிட்டாள், பிள்ளையாரைக் கூப்பிட்டாள், கடைசியில் யாரென்றில்லாமல் கூப்பிட்டாள்.

ஏழாவது தரம் அடித்தபோதுதான் அம்மாவுக்கு லைன் போனது. எடுத்த உடனேயே காதைக் கிழித்தது அந்தச் சத்தம். சங்கு!

"ஏய், இது டெஸ்டாடி?" அம்மா சத்தத்துக்கு மேலால் கத்தினாள். "விஜேந்திரன் கேக்கச் சொன்னாரு! டெஸ்டா, மெய்யா?"

"மெய்யும்மா! நூத்தி முப்பத்திநாலு! ஓடுங்க! எல்லாரயும் ஓடச் சொல்லுங்க!"

லைன் அறுந்தது.

பஸ்லா தேத்தண்ணி ஊற்றி வைத்தாள், இருவரும் தொடவில்லை. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போன் வந்தது. விஜேந்திரன்.

"தங்கச்சி, மேடு வந்துருச்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. "பின்பக்கத்து ஆறு குசினியும் மண்ணுக்குள்ள போயிருச்சு. ஒங்க வீட்டுக் குசினியுந்தான். நாங்க ஸ்கூலுக்கு வந்து தலைய எண்ணிக்கிட்டு இருந்தோம், படபடன்னு சத்தம் கேட்டுச்சு. ஆனா ஆளு அம்புட்டும் இங்க இருக்கு. ரெண்டு தரம் எண்ணிட்டேன். ஒன்னு கொறையல."

பிரவீனா மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். பஸ்லா அவள் முதுகைத் தடவினாள், அவளுக்கும் கண்ணீர் ஓடியது. போனுக்குள்ளே அம்மாவின் குரல் கேட்டது. "என் மகதான்! எல்லாத்தயும் என் மகதான் பாத்துச் செஞ்சா!" யாரோ கை தட்டினார்கள். "தங்கச்சி, காலையில ஏசுனதுக்கு மன்னிச்சுக்கங்க, ஒங்க மெஷினு தெய்வம்," என்றார் விஜேந்திரன்.

பிரவீனா தலையைத் தூக்கினாள். "அண்ணே, ஸ்பீக்கர்ல போடுங்க."

பஸ்லா அவள் கையைப் பிடித்தாள். "இத இப்ப அவங்கள்ட்ட செல்லாத, புள்ள," என்றாள் மெதுவாக. "அந்தப் பெரட்டு வரிய நான் இப்பவே அழிச்சிர்றேன். ஒருத்தருக்கும் தெரியத் தேவல்ல. தெரிஞ்சா இந்தச் சங்க இனி நம்ப மாட்டாங்க."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிரவீனாவுக்கு ஆசையாகவும் இருந்தது. அம்மாவின் குரலில் இவ்வளவு பெருமையை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஒரு வார்த்தை பேசாமல் விட்டால் அந்தப் பெருமை அப்படியே இருக்கும். ஆனால் தெய்வம் என்கிறார்களே! சங்கு ஊதாவிட்டால் ஆபத்தில்லை என்று படுத்துத் தூங்குவார்களே, இன்றைக்குக் காலையில் இருந்த மாதிரி!

"போட்டாச்சு, பேசுங்க," என்றார் விஜேந்திரன்.

"அம்மா, நான் சொல்றத எல்லாரும் கேளுங்க. இந்தச் சங்கு ஒம்பதரைக்கு ஊதியிருக்கக் கூடாது. ஆறரைக்கே ஊதியிருக்கணும். நான் எழுதினதுல பிழ. காலையில பெரட்டு நேரத்துக்கு, ராத்திரி பேஞ்ச மழையெல்லாம் அழிஞ்சு போற மாதிரி எழுதிட்டேன். மூணு மணித்தியாலம் நீங்க அந்த மேட்டுக்குக் கீழ இருந்தது என்னாலதான்."

அந்தப் பக்கம் கை தட்டின சத்தம் நின்றுபோனது. ஸ்கூல் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆறரைக்கா?" என்றாள் அம்மா. "ஆறரைக்கு நம்ம குசினியில ஏழு புள்ளைங்கடி. குளிருதுன்னு அடுப்புகிட்ட நான்தான் கூப்புட்டு ஒக்கார வச்சேன். ஒம்பதரை வரைக்கும் அங்கனதான் இருந்துச்சுங்க."

"இத நீ போன்ல சொல்லாத," என்றாள் சந்திரகாந்தா. குரலில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. "இங்க வந்து, அதுகளோட அம்மாமார் மொகத்தப் பாத்துச் சொல்லு."

"வாறேம்மா."

மலைப்பக்கம் பஸ் ஓடவில்லை. பஸ்லாவை அந்த வரியை அழிக்கச் சொல்லி உட்காரவைத்துவிட்டு, பிரவீனா மழைக்குள் இறங்கி நடந்தாள்.