ஒட்டுப் போட்ட விமானம்

யுத்த காலத்தில் குமாரபாளையத்தில் எனக்கும் பேப்பர் கடை வீரபாகுவுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. பத்திரிகையில் வரும் போர் விமானப் படத்தின் கீழே உள்ள பெயரை அவன் கட்டைவிரலால் மறைப்பான். நான் சொல்ல வேண்டும். ஹட்ஸன், ஹரிக்கேன் என்று பட்டென்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போவேன். ஒரு விமானத்தையும் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் தலைக்கனத்துக்குக் குறைச்சல் இல்லை.

எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நாள் முழுக்க நாங்கள் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். கண் பார்ப்பதை மனசுக்குள் இடம்வலமாகத் திருப்பிக்கொள்வது பழக்கம். அச்சில் திரும்பி விழுந்த படங்களை இரண்டு மூன்று தடவை கண்டுபிடித்து, வீரபாகுவை வாயைப் பிளக்க வைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டுச் சௌந்திரத்தின் புருஷன் கண்ணுசாமி விமானப் படையில் பழுது பார்க்கும் ஃபிட்டர். அவன் அனுப்பிய போட்டோவில் ஒரு ஹட்ஸன் மூக்கை இடப்பக்கம் நீட்டி நின்றது. வால் அருகே சதுரமாக ஒரு தகட்டு ஒட்டு; விமானத்தின் எழுத்துகளைத் தணிக்கையில் மை பூசி அழித்திருந்தார்கள். 'நான் போட்ட ஒட்டு. இதில்தான் போகிறோம்' என்று எழுதியிருந்தான். அடுத்து வந்தது தந்தி. பர்மாவில் விமானத்தோடு காணவில்லை என்றது. ஏழு மாதம் அவள் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பத்திரிகையில் சிறிதாக அந்தப் படம் வந்தது. காட்டில் விழுந்த ஹட்ஸன், உள்ளே இருந்தவர் எல்லோரும் சாவு. வால் அருகே சதுர ஒட்டு. சௌந்திரம் போட்டோவோடு கடைக்கு ஓடிவந்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணா, இது அவரு போனதுங்களா?"

"இதுல மூக்கு வலப்பக்கமா இருக்குதே" என்றான் வீரபாகு.

"படம் திரும்பி உளுந்திருக்குது. அதேதான்" என்றேன். ஆட்டத்தில் ஜெயித்த குரலில் சொன்னேன். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

காவிரிக் கரையில் சடங்கு செய்து அவள் தாலியைக் கழற்றினார்கள்.

ஒரு வருஷம் கழித்து வேறொரு பத்திரிகையில் அதே படம் பெரிதாக வந்தது. விமானத்தின் மேல் எழுதியிருந்த எழுத்துகள் நேராகவே இருந்தன. படம் திரும்பவே இல்லை. அந்த ஒட்டு வலப்பக்கத்தது. கண்ணுசாமி போட்டது இடப்பக்கம். வேறு விமானம்!

மூன்று நாள் அவள் வாசல் வரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப அவரு உசுரோட இருக்காருங்களா?"

"இருக்கலாம் அம்முணி."

மறுநாள் காலையில் பொட்டு வைத்து, பூ முடித்து, கழுத்தில் மஞ்சள் கயிறோடு வெளியே வந்தாள். எதிரே வந்த பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் யாரையும் கவனிக்கவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. கண்ணுசாமி வரவில்லை. ஒரே விமானத்தில் ஒட்டு இரண்டு பக்கமும் இருந்திருக்கலாமே என்று போன வாரம்தான் எனக்குத் தோன்றியது. அன்று தறியில் நாலு தடவை இழை அறுந்தது. அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நேற்று என் வாசலில் நின்று சிரித்தாள்.

"அவரு வந்ததும் மொதல்ல உங்க கால்ல உளுகச் சொல்லோணும்ணா. நீங்க மட்டும் சொல்லலீன்னா நான் அவரைச் செத்தவராவே வெச்சிருப்பேன்."