நான்காவது ஊசி

பெங்களூரில் உயிர் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போவதற்கு முன்னால் இசைவாணி நான்கு வருஷம் ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு அப்பா படுத்த படுக்கையாகிவிட, கிடைத்த பயிற்சியில் சேர்ந்து, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டியின் முன்னால் திரவ நைட்ரஜன் கேன், அதற்குள் காளையின் விந்தை அடைத்து உறையவைத்த குச்சிகள். மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது என்று போன் வந்தால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓட வேண்டும்.

ஒரத்தநாட்டில் மாடு வளர்த்த அம்சத்தின் கலப்பின மாட்டுக்கு மட்டும் மூன்று தடவை போட்டும் சினை நிற்கவில்லை. அவள் கணவர் இராஜாங்கம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“இந்தப் புள்ளைக்குக் கைராசி இல்ல. வேற ஆளக் கூப்பிடு.”

இசைவாணி கையுறையைக் கழற்றினாள். இன்றோடு இந்த வேலைக்கு ஒரு கும்பிடு என்று நினைத்துக்கொண்டாள். அவள் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றிய அம்சம், கணவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“கைராசியாவது ஒண்ணாவது. அடுத்த தடவையும் நீயே வா வாணி. ஆனா ஒண்ணு சொல்லு. ஒரு குச்சியில ரெண்டு கோடி உசுரு இருக்குங்கிற. அம்புட்டும் உள்ள போயி, வழி தெரியாம எங்கதான் போவுது?”

இசைவாணி அந்தக் கேள்வியோடுதான் வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள், கழித்துப்போட வேண்டிய குச்சி ஒன்றைக் கால்நடை மருந்தக டாக்டரிடம் கேட்டு வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி, மருந்தகத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடித் தகட்டில் துளி மெல்ல ஒரு பக்கமாக வழிந்தது. அதற்குள் வாலாட்டித் திரிந்தவற்றில் பல, ஒவ்வொன்றாகத் திரும்பி, அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்தின. கண்ணும் இல்லை, காதும் இல்லை. திசை எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அதைப் பற்றியே படித்தாள். இப்படிப்பட்ட கேள்விகளுக்கென்றே ஒரு படிப்பு இருப்பது அப்போதுதான் தெரியவந்தது.

நான்காவது ஊசியில் சினை நின்றது. கிடேரிக் கன்று பிறந்ததும் இராஜாங்கமே சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை.

பெங்களூரில் அந்தப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில், “இந்த நாலு வருஷம் என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார்கள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்சம் கேட்டதையும் அப்படியே சொன்னாள். அதற்குப் பிறகு வேறு எதைப் பற்றியும் அவர்கள் கேட்கவில்லை. இடம் கிடைத்தது. குறுகலான பாதையில் எதிரோட்டத்தை விந்தணு எப்படி உணர்கிறது என்பதே இப்போது அவளுடைய ஆராய்ச்சி.

இந்தப் பொங்கலுக்கு வந்தவள் நேரே அம்சத்தின் வீட்டுக்குப் போனாள். அம்சம் கொட்டகையில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். ஒரு மாநாட்டில் வைத்த தன் ஆய்வுச் சுவரொட்டியின் படத்தை இசைவாணி போனில் காட்டினாள். நன்றி என்ற இடத்தில் முதல் பெயர்: அம்சம், மாடு வளர்ப்பவர், ஒரத்தநாடு.

“எம் பேரு எதுக்குடி இதுல?”

“நீங்க கேட்டதுதான்க்கா இது எல்லாமே. அன்னைக்கு வேற ஆளக் கூப்பிட்டிருந்தீங்கன்னா நான் எங்கயோ போயிருப்பேன்.”

“நான் என்னத்தக் கேட்டேன்?” அம்சத்துக்குச் சுத்தமாக நினைவில்லை. இசைவாணி சொன்னதும் சிரித்தாள். “சரி, கண்டுபுடிச்சிட்டியா?”

“பாதிதான்க்கா தெரிஞ்சிருக்கு.”

“மீதியையும் பாரு. அவசரமில்ல.”

அம்சம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். எழுத்துக் கூட்டி, தன் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள்.