ஒற்றைக் கை வாசகர் வட்டம்

எங்கள் வார்டில் அதிகம் பேரை அழ வைத்தது ஒரு சமையல் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். நாங்களோ தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது, உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்று விதிக்கப்பட்டவர்கள். எதிர் நாற்காலிக் கணக்கு டீச்சர் அதைப் படித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கருத்துச் சொன்னார்: "நல்ல நடை. ஆனா எல்லாக் கதைக்கும் ஒரே முடிவு. சூடாகப் பரிமாறவும்."

டயாலிசிஸ் வார்டு. சாய்வு நாற்காலிகள், பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மெஷின்கள். ஒரு கையில் இரண்டு ஊசி குத்தி, நம் ரத்தத்தை வெளியே எடுத்து, துவைத்து, திருப்பி அனுப்புவார்கள். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. மிச்சமிருப்பது ஒரு கை. அந்த ஒரு கையால் தடிப்புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படிக்க முடியாது. ஆகவே புத்தகம் வந்ததும் எங்கள் சிஸ்டர் அறுவைக் கத்தியை எடுத்து அதை ஐந்தாறு துண்டாகக் கீறிவிடுவார். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் பாக எண் போடுவார். முன்னூறு பக்கம் என்று யாரோ நம்பி எழுதியதை நாங்கள் ஐம்பது ஐம்பதாகத்தான் அறிவோம்.

யாருக்கு எந்தத் துண்டு கிடைக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஒரு காதல் நாவலில் எனக்கு இரண்டாம் பாகம் வந்தது. அதில் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். மூன்று நாள் மனசே சரியில்லை. கடைசியில் டீச்சர்தான், "அட, எனக்கு வந்த அஞ்சாம் பாகத்துல ரெண்டு பேரும் பிள்ளைங்க பள்ளிக்கூடத்தைப் பத்திச் சண்டை போடறாங்க. பிரிஞ்சே இருந்திருக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்.

முதல் ஒரு மணி நேரம் போய், ரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வந்ததும், நாற்காலிக்கு நாற்காலி கருத்துச் சொல்வது எங்கள் வழக்கம். கடல் பயணப் புத்தகம் ஒன்றை எல்லாரும் ஒருமனதாக வெறுத்தோம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாதவனிடம் அலை அலையாக வர்ணித்தால் எப்படி? வாழ்க்கையில் வெல்வது எப்படி என்ற புத்தகத்துக்கு என் வலது பக்கத்து நாற்காலி லாரி அண்ணன் சொன்ன கருத்து இன்னும் எனக்கு மனப்பாடம்.

"விடியக்காலைல நாலு மணிக்கு எந்திரிக்கிறவன் ஜெயிப்பானாம், ஏஜெண்டு. லாரி ஓட்டின காலம் பூரா நான் நாலு மணிக்குத்தான் எந்திரிச்சேன்." கையில் ஓடிய சிவப்புக் குழாயைப் பார்த்தார். "ஜெயிச்சிட்டேன், பாரு."

ஏஜெண்டு என்பது நான். ஆயுள் காப்பீட்டு முகவர். என்னைத் தூரத்தில் கண்டதும் சந்துக்குள் திரும்பிவிட்ட மனிதர்கள் ஏராளம். இந்த வார்டில்தான் முதல்முறையாக நான் பேசும்போது யாரும் எழுந்து போகவில்லை. ஊசி குத்தியிருந்தது.

லாரி அண்ணனுக்கு ஒரே மகள். தாயில்லாப் பெண். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. அப்பாவைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில், விரல் நுனி அளவு திருகாணிகளோடு ஏதாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாள். அவள் சிறுநீரகம் அப்பாவுக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கொடுக்க அவள் தயார். வாங்கத்தான் அவர் தயாரில்லை.

"பிள்ளைகிட்ட பிடுங்கித் திங்கச் சொல்றீங்களா?" என்பார். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

ஒருநாள் அவள் என்னிடம் வந்தாள். "மாமா, நீங்க எத்தனை பேரைப் பேசிப் பேசியே கையெழுத்துப் போட வச்சிருக்கீங்க. அப்பாகிட்ட கொஞ்சம் பேசுங்களேன். ஊசி குத்தற கை ரத்தக் குழாய் அடைச்சிக்கிட்டே வருதாம். நாள் போகப் போக உடம்பு ஆபரேஷன் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு."

"நான் பேசினா உங்கப்பா கேட்பாரா, அம்மாடி? என் பொண்டாட்டியே கேட்டதில்ல."

"வேற யாரைக் கேட்கட்டும்?" என்றாள். கையில் திருப்புளி இருந்தது. அதை வைத்து என்னைத் திருகுவதுபோல்தான் இருந்தது.

அந்த வாரம் நான் ஒரு மதகுக்காரர் கதை படித்துக்கொண்டிருந்தேன். ஆற்று மதகைத் திறந்து மூடும் வேலை பார்ப்பவருக்குக் கண் போய்விடுகிறது. மகள், வந்த வரனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அப்பாவுக்குக் கண்ணாக நின்று மதகைக் கவனிக்கிறாள். ஆறு பாகம். நான் நாலு முடித்திருந்தேன். நாலாம் பாகக் கடைசியில் அப்பாவும் மகளும் மதகுமேல் உட்கார்ந்து, வயலெல்லாம் பச்சை பிடித்திருப்பதை மகள் சொல்லச் சொல்ல அவர் கேட்கிறார். அந்தப் பக்கத்தை நானே இரண்டு தடவை படித்தேன். உடனே எனக்குள் இருந்த முகவன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். வாதாடி ஜெயிக்க முடியாத ஆளைக் கதை சொல்லிக் கவிழ்ப்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

"அண்ணே, இதைப் படிங்க. தங்கமான புஸ்தகம்" என்று நாலு துண்டையும் நீட்டினேன்.

அவர் படித்தார். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, மெதுவாக. நாலாம் பாகம் முடித்த அன்று கதவுக்கு வெளியே மகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். நான் மனசுக்குள் பாலிசிக்குக் கையெழுத்தே வாங்கிவிட்டேன்.

அடுத்த முறை அவர் கேட்டதால் சிஸ்டர் ஐந்தாம் பாகத்தைத் தேடிக் கொடுத்துவிட்டார். அதை நான் அதுவரை பார்க்கவே இல்லை. பாதிப் பொருளைக் காட்டி முழுப் பொருளை விற்கப் போன ஆள் நான்.

படித்துவிட்டு மார்பின்மேல் கவிழ்த்து வைத்தார். "ஏஜெண்டு, இதை நீ படிச்சியா?"

"இல்லண்ணே. என்னாச்சு?"

"வெள்ளம் வருது. ராத்திரி மதகைத் திறக்கப் போறா. படி வழுக்கி ஆத்துல விழுந்துடறா. குருட்டுப்பய மேல நின்னுக்கிட்டு பேரைச் சொல்லிக் கூப்பிடறான், கூப்பிடறான்... அதோட பாகம் முடியுது." என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "அடியில இருக்கற சின்ன எழுத்தைக் காட்டாம பாலிசி விக்கப் பாத்தியா?"

மெஷின்கள் தம்பாட்டுக்குச் சுற்றின.

"ஆறாம் பாகம் இருக்குண்ணே. அதுல பொழச்சிருப்பா."

"அதையும் கொண்டு வா. பாத்துட்டுச் சொல்றேன்."

ஆறாம் பாகம் வார்டில் இல்லை. ஜன்னலோர நாற்காலியில் இருந்த கடிகாரக்காரர் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். அதன்பிறகு அவர் வரவில்லை. எங்கள் வார்டில் ஒருவர் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பதில்லை. சிஸ்டர் நாற்காலி விரிப்பை மாற்றுவார், அவ்வளவுதான்.

விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாம் மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினேன். கதவைத் திறந்த அவர் மனைவி என் தோல்பையைப் பார்த்ததும், "அவர் போயிட்டாருங்க. இனிமே எதுக்கு இன்சூரன்ஸ்?" என்றார். தொழில் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்த் தேடிக்கொண்டு வந்தார். பிளாஸ்திரி முதுகு, சிஸ்டரின் ஆறு. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னால இதைத்தான் படிச்சிட்டிருந்தாரு. 'அப்பாடா, அந்தப் பொண்ணு தப்பிச்சிட்டா'ன்னாரு. எந்தப் பொண்ணுன்னு கேட்டேன். பதில் வரல." வாசல் வரைக்கும் வந்தார். "படிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்துடுவீங்கள்ல?" என்றார். கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

இந்தத் தடவை பேருந்திலேயே முழுக்கப் படித்தேன். ஒரு மரக்கிளை அவளைத் தாங்கிக்கொள்கிறது. கால் லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். மற்றபடி சுகம். கல்யாணம்கூட ஆகிவிடுகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். பழகிப்போனதுதான்.

நான் கொண்டுபோய்க் கொடுத்த அன்று லாரி அண்ணனின் கைக் குழாய் முழுக்க அடைத்துவிட்டிருந்தது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகியிருந்தார்கள். "ரெண்டு கையும் இப்ப சும்மா இருக்கு. இனிமே எனக்கு முழுப் புஸ்தகமே கொடுக்கலாம்" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மகள் அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவில்லை. சிஸ்டரிடம் கெஞ்சி உள்ளே வந்து, காலடியில் நின்றிருந்தாள்.

அவர் படித்தார். நாங்கள் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தோம். கடைசிப் பக்கத்தை மூடினார்.

"எழுதினவன் பயந்துட்டான்" என்றார்.

"என்னண்ணே?"

"மரக்கிளையாம். நான் எத்தனை ஆத்துப் பாலத்துல வெள்ளம் வடியட்டும்னு வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருப்பேன்! அதுல போனது எதுவும் கிளையில மாட்டி உசுரோட வராது. அஞ்சாம் பாகம் எழுதி முடிச்சதும் அவனுக்கு மனசு தாங்கல. பாவம், அதான் ஆறாவது எழுதியிருக்கான். என் கருத்து, புஸ்தகம் அஞ்சோட முடிஞ்சிடுச்சு."

இவ்வளவு சரியான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

டீச்சர், "கதையைக் கதையாப் பாருங்க. இது கணக்கு இல்ல" என்று ஆரம்பித்தார்.

"நான் ஒரு கருத்துச் சொல்லலாமா?" என்றாள் மகள்.

வார்டில் அதுவரை மெஷின் மாட்டாதவர்கள் கருத்துச் சொன்னதில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

"நானும் படிச்சேன்ப்பா. நீங்க வீட்ல தூங்கும்போது அஞ்சு பாகத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துப் படிச்சேன். மதகு பேசுது, ஆறு பேசுது, அப்பன் பக்கம் பக்கமாப் பேசறான். அந்தப் பொண்ணு தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசறாளா? உனக்கு என்ன வேணும்னு அவளை யாராவது கேட்கறாங்களா? எழுதினவருக்குத் தோணல. படிச்ச உங்களுக்கும் தோணல. பொழைச்சாளா செத்தாளான்னு மட்டும் அடிச்சிக்கறீங்க."

"அதுக்கில்லம்மா..."

"நான் ஒண்ணும் உங்களுக்காகக் கொடுக்கல. வீட்டுக்குப் போனா கதவைத் திறக்க ஒரு ஆள் வேணும் எனக்கு. அவ்ளோதான். என்கிட்ட கேட்டிருந்தா முதல் பாகத்துலயே சொல்லியிருப்பேன்."

அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு, வார்டில் அதுவரை யாருக்கும் வாய்க்காத அந்த இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "சரி" என்றார் உள்ளேயிருந்து. "சரிம்மா. எடுத்துக்கறேன்."

டீச்சர் ஒற்றைக் கையால் நாற்காலியைத் தட்டினார். ஒற்றைக் கையால் அதற்குமேல் கைதட்ட முடியாது.

இங்கே நானும் நிறுத்திவிடலாம். நானும் மனசு தாங்காத ரகம்தான். ஆனால் லாரி அண்ணன் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். மயக்கமருந்து தாங்காது. கொஞ்சம் தேறட்டும், பார்க்கலாம் என்றார்கள். அவர் தேறவில்லை. அந்தச் சில வாரமும் அவர் முகத்தில் ஒரு பரபரப்பு இருந்தது. பயணச்சீட்டு வாங்கிவிட்டு வண்டியை எதிர்பார்க்கிறவர் மாதிரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னாடியே கேட்டிருக்கலாம் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். எதை என்று நான் கேட்கவில்லை. ஒரு காலையில் நான் போனபோது சிஸ்டர் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து மகள் வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. அலமாரியில் மதகுக்காரர் கதையின் ஆறு துண்டுகளையும் தேடி எடுத்து, வரிசைப்படி அடுக்கி, சிஸ்டரிடம் பிளாஸ்திரிச் சுருளை வாங்கி முதுகோடு சேர்த்துச் சுற்றி ஒட்டினாள். செல்போனைக் கழற்றி மாட்டுகிற விரல்கள், ஓரம் பிசகவில்லை.

"யாருக்குக் கொடுத்தாலும் இதை முழுசாக் கொடுங்க சிஸ்டர்" என்றாள்.

"ஒரு கையில பிடிக்க முடியாதேம்மா."

அவள் புத்தகத்தை அலமாரியில் நிறுத்தி வைத்தாள். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். கடிகாரக்காரர் மனைவிக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நினைவு வந்தது. போய் விஷயத்தைச் சொன்னேன். "முழுசா ஒட்டிட்டாங்கன்னா அங்கேயே இருக்கட்டும்" என்றார் அந்த அம்மாள்.

லாரி அண்ணன் நாற்காலியில் இப்போது ஒரு முடிதிருத்துகிறவர். எதற்கும் நச்சரிக்கிற சள்ளை பிடித்த மனிதர். அவருக்கு ஊசி வலது கையில், எனக்கு இடது கையில். நடுவில் எங்கள் இரண்டு பேருடைய சும்மா இருக்கும் கைகள். ஆகவே நான் புத்தகத்தைப் பிடித்துக்கொள்கிறேன், அவர் பக்கம் திருப்புகிறார். ஐந்தாம் பாகம் நெருங்குகிறது.

"ஆட்டாதீங்க சார். எழுத்து ஓடுது."

"சரிங்க."

"எப்படி முடியுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"நல்லதுதான்" என்றார். "ஆமா, இந்தப் பொண்ணு ஏன் தன்னைப் பத்தி ஒண்ணுமே பேச மாட்டேங்குது?"

நான் புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன், முகம் மறைகிற அளவுக்கு.